சமையலறைப் பள்ளிக்கூடமும் மூன்றாவது மாணவரும்

மரியாதைக்குரிய மூத்த சகோதரியும், பொலோனியா நகரத்துப் பிள்ளைகளை முப்பத்து நான்கு வருடங்கள் கட்டி ஆண்டுவிட்டு இந்த ஜூனோடு ஓய்வு பெற்றிருப்பவருமான ஃபியோரென்ஸா அவர்களின் சமூகத்துக்கு, தம்பி எர்மெத்தே வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் துல்லியாவும் பிள்ளைகள் இருவரும் சுகம். கோழிகளும் சுகம். பரப்பளவுப் பாடம் நடந்த நாளிலிருந்து ஒரு கோழிக்கு மட்டும் மனசு சரியில்லை. தங்கள் முழங்கால் வலியும், தங்கள் மாடி வீட்டுக்காரரின் டிரம்பெட்டும் இப்போது தேவலை என்று நம்புகிறேன்.

போன செப்டம்பரில் நான் போன் செய்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கப் போகிறேன் என்று சொன்னதும், "எர்மெத்தே, உனக்கு ஒன்பதாம் வாய்ப்பாடே தெரியாதுடா" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் போனை வைத்தது நினைவிருக்கும். அதன் பிறகு நமக்குள் பேச்சில்லை. கிறிஸ்துமஸுக்குத் தாங்கள் அனுப்பிய கேக் பெட்டியின் மேல் "பிள்ளைகளுக்கு மட்டும்" என்று தங்களுடைய அழகான கரும்பலகைக் கையெழுத்தில் எழுதியிருந்தது. துல்லியா சாப்பிட்டாள். நான் தொடவில்லை. ஓரத்தில் உதிர்ந்து கிடந்த உலர்திராட்சை மட்டும் இரண்டு எடுத்துக்கொண்டேன். அக்கா, இந்தத் 'தாங்க'ளை வைத்துக்கொண்டு என்னால் ஒரு பக்கம் தாண்ட முடியாது. நீ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்வதென்றால் கடைசிவரை படித்துவிட்டு மொத்தமாகக் கோபித்துக்கொள்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்கவே இல்லை. நம் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துபோய், போன கோடையில் அதை மூடிவிட்டார்கள். டவுன் பள்ளிக்கு பஸ் வரும் என்றார்கள். பஸ் வந்தது. அது, போ என்கிற நதி கடலில் கலக்கும் இந்த மூலையில் இருக்கிற ஒவ்வொரு வாய்க்காலையும் ஒரு தடவை சுற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் டவுனுக்குப் போனது. ஸேனோ முதல் நாள் மூன்றாவது பாலத்தில் வாந்தி எடுத்தான். மறுநாள் இரண்டாவது பாலத்தில். அதற்கு மறுநாள் பஸ் கிளம்புவதற்கு முன்பே. ஏழு வயசுப் பிள்ளை, காலையில் ஷூ மாட்டும்போதே முகம் வெள்ளைக் காகிதமாகிவிடும். துல்லியாவுக்கோ ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை. நான்தான் வீட்டிலேயே உட்கார்ந்து காப்பி மெஷின் கம்பெனிக்கு உபயோகக் குறிப்புப் புத்தகங்கள் எழுதுகிறவன்.

"வீட்டுலதானே இருக்கீங்க? காப்பி மெஷினைப் பத்திப் பத்திப் பத்தியா எழுதத் தெரியுது. பெத்த பிள்ளைங்களுக்கு நாலு எழுத்து சொல்லிக் குடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" என்று துல்லியா ஒரு நாள் கேட்டாள். அவள் களைப்பில் சொன்ன பேச்சு அது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சட்டப்படி எழுதிக் கொடுத்து, வருடக் கடைசியில் டவுன் பள்ளியில் பரீட்சை எழுத வைப்பதாகக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

முதல் நாள், சமையலறை மேஜையைத் துடைத்து, அடுப்புப் பக்கம் ஒரு பலகையை மாட்டி, சவரம் செய்து கழுத்தில் டையும் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். ஒத்தாவியா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஒன்பது வயசுதான், ஆனால் பார்வை அப்படியே உன்னுடையது. "வகுப்பு நேரத்தில் என்னை சார் என்று கூப்பிட வேண்டும்" என்றேன். ஸேனோ உடனே கையைத் தூக்கினான்.

"சார், எங்க அப்பா எங்க?"

"நான்தான்டா உங்க அப்பா."

"இல்ல சார். அப்பாகிட்ட தனியா ஒண்ணு சொல்லணும்."

நான் வெளியே போய், டையைக் கழற்றிவிட்டு, அப்பாவாக உள்ளே வந்தேன். அவன் என் காதில் சொன்னான்: "அப்பா, அந்த சார் ரொம்ப போரடிக்கிறாரு. வேற சார் கிடைப்பாரா?"

அன்றோடு டை போனது. ஆனால் பாடம் நின்றுவிடவில்லை. பின்னம் சொல்லிக்கொடுக்க ஒரு தெனெரினா செய்தேன். அந்த சாக்லேட் கேக்கைக் கத்தி தொட்டாலே நொறுங்கும் என்று உனக்குத் தெரியும். பாடம் எடுக்கிற பரபரப்பில் எனக்குத் தெரியவில்லை. பாதி என்று வெட்டினேன், மூன்றாகப் பிளந்தது. கால் என்று வெட்டினேன், மாவாக உதிர்ந்தது. "இதுக்குப் பேர் என்ன பின்னம், சார்?" என்று ஒத்தாவியா கேட்டாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஸேனோ ஸ்பூனை எடுத்து விடையைச் சாப்பிட்டுவிட்டான். பரப்பளவுக்குக் கோழிக்கூட்டை அளக்கப் போனோம், உள்ளே நுழைந்த நான் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டேன், துல்லியா ஷிப்ட் முடிந்து வரும்வரை ஒத்தாவியா ஜன்னல் வழியாக எனக்கு ரொட்டி ஊட்டினாள். நீள் வகுத்தல் எனக்கு மறந்தே போயிருந்தது. குளியலறையைத் தாழ்போட்டுக்கொண்டு அவர்கள் புத்தகத்தைப் பார்த்துப் படித்துவிட்டு வந்துதான் நடத்துவேன். "சாருக்கு வயிறு சரியில்லை, வகுத்தல் வந்தாலே ஓடுறாரு" என்று ஸேனோ அம்மாவிடம் சொல்லி, அவள் இரண்டு நாள் எனக்கு வெறும் கஞ்சி வைத்தாள். சொல்வதெழுதலுக்கு வேறு புத்தகம் தேட சோம்பலாக இருந்ததால் என் காப்பி மெஷின் குறிப்புகளையே படித்தேன். பலன் என்னவென்றால், "குளிர்காலம்" என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் ஸேனோ, "பனியை உபயோகிக்கும் முன் அது சமதளத்தில் உள்ளதா என உறுதி செய்யவும்" என்று ஆரம்பிக்கிறான்.

இடைவேளைதான் பெரிய தொல்லையாக இருந்தது. மணி அடித்தாகிவிட்டது, பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடிவிட்டார்கள், அங்கே யார் இருக்கிறார்கள்? நான்தான் இருக்கிறேன். நானே கோல்கீப்பர், நானே எதிர் அணி, நானே ரெஃப்ரி. ஒரு தடவை எனக்கே சிவப்பு அட்டை காட்டி என்னை வெளியே அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சும்மா நின்றார்கள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு லெயார்கோ ஏணி கேட்டு வந்தார். உனக்கு அவரை நினைவிருக்கும், மட்டி பிடிக்கிறவர், நீ சின்ன வயசில் அவர் ஓட்டிய படகிலிருந்து விழுந்தாய். இப்போது அறுபத்தொரு வயசு, முதுகு வலி என்று படகை மருமகனிடம் கொடுத்துவிட்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவர், பலகையில் இருந்த வினைச்சொற்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வாத்தியாரே, நான் கொஞ்சம் உக்காந்து கேக்கலாமா? வீட்டுல நெரினா தரையைத் துடைக்கிறா. காலை வெச்சா கொன்னுடுவா" என்றார். உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் புத்தகப் பை ஒன்றையும் முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். அவர் மனைவி நெரினா எனக்கு ஒரு கூடை விலாங்கு மீன் அனுப்பிவைத்து, "சாயந்திரம் வரைக்கும் வெச்சுக்குங்க, லீவு மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

அக்கா, மாணவன் என்றால் அப்படி ஒரு மாணவனை நீ முப்பத்து நான்கு வருடத்தில் பார்த்திருக்க மாட்டாய். ஸேனோவைப் பார்த்துக் காப்பியடிப்பார். அதுவும் ஸேனோவின் பெயரையும் சேர்த்துக் காப்பியடிப்பார். பிடித்தால், "நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி யோசிக்கிறோம் வாத்தியாரே" என்பார். வரலாற்றுப் பாடத்தில் ரோமானியப் பேரரசர்கள் எல்லோரையும் தனக்கு நேரில் தெரிந்த மாதிரி திட்டுவார். மூலையில் நிற்க வைத்தால், அங்கேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார். ஒரு நாள் நானும் பொறுக்க முடியாமல், "நாளைக்கு உங்க வீட்டுலேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் நெரினா வந்தாள். இங்கே நான் அவரைப் பற்றிப் புகார் சொல்ல, அவள் பிள்ளைகள் முன்னாலேயே அவர் காதைப் பிடித்தாள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கோழிகள் கூரையேறிவிட்டன.

நல்லதும் உண்டு, அதையும் நீ கேட்டாக வேண்டும். ஸேனோவுக்கு முகத்தில் நிறம் திரும்பியது. காலையில் பாடிக்கொண்டே எழுந்திருக்கிறான். எழுத்தைக் கண்டால் விடமாட்டான், பால் டப்பாவிலிருந்து மருந்துச் சீட்டுவரை சத்தம் போட்டுப் படிக்கிறான். சாப்பாட்டு மேஜையில் நாங்கள் பேச ஆரம்பித்தால் கேள்வி முடிவதற்குள் பாஸ்தா ஆறிவிடும். மழை பெய்கிறதா, மழைக்குள் போய் மழையைப் படிக்கலாம். துல்லியாவுக்கு லீவு என்றால் எங்களுக்கும் லீவு, அன்று ஐந்து பேரும் கடற்கரைக்குப் போய்விடுவோம் (லெயார்கோவை விட்டுவிட்டுப் போக மனசு வராது). இந்த வருடம் நான் என் பிள்ளைகளைப் பார்த்தது போல வேறு எந்த வருடமும் பார்த்ததில்லை, அக்கா. ஆனால் சாயங்காலம் அந்த பஸ் திரும்பி வரும்போது ஒத்தாவியா ஜன்னல் பக்கம் போய் நிற்பாள். இறங்குகிற பிள்ளைகளைப் பார்ப்பாள். "என்னம்மா?" என்றால், "ஒண்ணுமில்லப்பா, மேகம் பாக்கிறேன்" என்பாள். மேகத்தில் அவளுக்கு ஆர்வம் என்று நினைத்து நான் மேகத்தைப் பற்றி ஒரு வாரம் பாடம் நடத்தினேன். இந்த மூளையை வைத்துக்கொண்டு நான் வாத்தியார்.

போன வாரம் பரீட்சை. காரில் நாங்கள் மூன்று பேர் ஏற, பின் சீட்டில் லெயார்கோ கோட்டு சூட்டுடன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். "வருஷம் பூரா கூடவே படிச்சிருக்கேன். பசங்களைத் தனியா விட்டுடுவேனா?" என்றார். அவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு அது, பொத்தான் ஒன்றும் போடவில்லை, போடவும் முடியாது. டவுன் பள்ளியில் மூன்று ஆசிரியைகள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் பெர்த்தொலாஸி டீச்சர். அவரைப் பார்த்ததும் நான் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. பிள்ளைகள் தேறாவிட்டால் என்ன ஆகும்? அதே வகுப்பில் இன்னொரு வருடம். தப்பு என்னுடையது, தண்டனை அவர்களுக்கு. எங்களை வராந்தாவில் காத்திருக்கச் சொன்னார்கள். ஸேனோவிடம் வாய்மொழியாக ஏழெட்டுக் கேள்விகள் கேட்கும் சத்தம் வந்தது, பதிலுக்குச் சிரிப்புச் சத்தமும் கேட்டது. அந்தச் சிரிப்பு நல்லதா கெட்டதா என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, லெயார்கோ கதவு இடுக்கு வழியாக, "எட்டேழு அம்பத்தாறு!" என்று கத்திவிட்டார். உள்ளே கேட்ட கேள்வி பூகோளம்.

அதற்குப் பிறகு பெர்த்தொலாஸி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். ஒத்தாவியாவுக்குக் கொடுத்த கட்டுரைத் தலைப்பு "என் வகுப்புத் தோழன்". டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டினார். "என் வகுப்புத் தோழனுக்கு அறுபத்தொரு வயது. அவன் நல்லவன், ஆனால் காப்பியடிப்பான். அவனுக்கு ஒரு விரல் பாதிதான் இருக்கிறது, மீதியைப் படகு மோட்டார் எடுத்துக்கொண்டது. அதனால் அவன் விரல்விட்டு எண்ணினால் கணக்கு எப்போதும் ஒன்பதரையில் முடியும். கண்ணாமூச்சி விளையாடும்போது அவன் ஒரே இடத்தில்தான் ஒளிந்துகொள்வான், ஏனென்றால் அவனால் வேறு எங்கும் குனிய முடியாது."

"உங்க பொண்ணுக்கு நல்ல கற்பனைங்க" என்றார் டீச்சர்.

"கற்பனை இல்லைங்க" என்றேன்.

கதவு திறந்தது. "நான்தாங்க அந்தப் பையன்" என்று லெயார்கோ உள்ளே வந்து, அத்தாட்சியாக விரலையும் காட்டினார். மற்ற இரண்டு டீச்சர்களும் மேஜைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்கள். தோள் குலுங்குவது தெரிந்தது. பெர்த்தொலாஸி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தாளின் கடைசி வரியைப் படித்தார். "மதியம் அவன் தூங்கிவிடுவான். அப்போது நான் தனியாக விளையாடுவேன்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுவும் கற்பனை இல்லைதானே?"

"இல்லைங்க" என்றேன்.

பிள்ளைகள் இருவரும் தேறிவிட்டார்கள், நல்ல மதிப்பெண்ணே வாங்கியிருந்தார்கள். கையெழுத்து எல்லாம் போட்டு முடித்துப் பார்த்தால் ஒத்தாவியாவைக் காணோம். வராந்தா, கழிப்பறை, கார் எல்லாம் தேடிவிட்டு, முற்றத்துப் பக்கம் ஓடினேன். அங்கே கோடை முகாமுக்கு வந்த பிள்ளைகள் பந்தெறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் மகள். பேர் தெரியாத பிள்ளைகளோடு, சாக்ஸ் ஒன்று இறங்கி, தலை கலைந்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் போன கோடைக்குப் பிறகு கேட்கவே இல்லை என்பது, அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஆட்டம் முடியும்வரை நான் கூப்பிடவில்லை.

திரும்பி வரும் வழியில் அவள் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள்.

"அப்பா, கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"செப்டம்பர்ல நான் பஸ்ல போகட்டுமா? நீ நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிற. ஆனா உன்னால ஒருத்தனா பத்துப் பேரா இருக்க முடியாது இல்ல?"

வாய்க்கால் கரையில் காரை நிறுத்திவிட்டேன்.

"என்ன வாத்தியாரே, பெட்ரோல் தீந்துடுச்சா?" என்றார் லெயார்கோ.

"இல்ல, கண்ணுல ஏதோ விழுந்துடுச்சு."

"ரெண்டு கண்ணுலயுமா?"

ஸேனோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா போனா நானும் போறேன். ஆனா வாந்தி வந்தா?" என்றான். சரி, ஒரு நாள் சும்மா போய்ப் பார்ப்போம் என்று மறுநாளே எல்லோருமாக பஸ்ஸில் ஏறினோம், லெயார்கோவும்தான். முதல் பாலம் போனது, இரண்டாவது போனது. ஸேனோ கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாவது பாலத்தில் லெயார்கோ, நாற்பது வருடம் கடலில் ஆடின மனுஷன், அப்படியே பச்சையாகி, "எனக்கு என்னமோ பண்ணுதே" என்றார். ஸேனோ துள்ளி எழுந்தான். "ஜன்னலைப் பாருங்க, மூச்சை மெதுவா விடுங்க, தலையைக் குனியாதீங்க" என்று சொல்லிக்கொண்டே அவருக்குப் பையைப் பிடித்தான், முதுகைத் தடவிக்கொடுத்தான், டவுன்வரை அவரை விட்டு நகரவில்லை. இறங்கின பிறகுதான் அவனுக்கே ஞாபகம் வந்தது. "அப்பா! எனக்கு வரவே இல்ல!" என்று சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்.

ஆகவே அக்கா, முடிவு இதுதான். செப்டம்பர் முதல் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டில் படிப்பதில் சுகம் நிறைய உண்டு, இல்லாதது ஒன்றே ஒன்றுதான், அது அவர்கள் வயசில் இன்னும் நாலு பேர். அந்த விஷயத்தில் நீ போனை வைத்தது சரி. ஒன்பதாம் வாய்ப்பாடு விஷயத்தில் நீ சொன்னது தப்பு. இப்போது எனக்குத் தலைகீழாகவும் வரும். என் வாத்தியார் வேலை இத்தோடு முடிந்தது. பலகையைக் கழற்றிவிட்டேன், துல்லியா அந்த ஆணியில் வெங்காயத்தைத் தொங்கவிட்டிருக்கிறாள். சமையலறையில் ஈ பறந்தால் கேட்கும் அமைதி. ஆகஸ்டில் நீ கட்டாயம் வர வேண்டும். பூசணிக்காய் வைத்த பாஸ்தா செய்கிறேன், நீ காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடு, பிள்ளைகள் என்கிற பேச்சே உன் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறேன். உன் ஓய்வுக்காலம் நீண்டு செழிக்க வேண்டும் என்று இங்கே எல்லோரும் கிளாஸ் உயர்த்தி வாழ்த்தினோம். துல்லியா தன் முத்தங்களையும், பிள்ளைகள் தங்கள் மதிப்பெண்களையும், லெயார்கோ தன் மரியாதையையும், படகிலிருந்து நீ விழுந்ததற்குத் தான் பொறுப்பில்லை என்பதையும் தெரிவிக்கச் சொன்னார்கள்.

என்றும் உன் மாறாத அன்புள்ள,
எர்மெத்தே

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன் இன்றைக்குக் கொஞ்சம் நடந்துவிட்டது. அன்று பந்து விளையாடிய பிள்ளைகளில் மூன்று பேரை ஒத்தாவியா நேற்று வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். வந்தவர்கள் கோழிக்கூட்டை அளந்தார்கள், தெனெரினாவை உடைத்தார்கள், லெயார்கோ அவர்களுக்குப் பேரரசர்களைத் திட்டிக் காட்டினார். மூவரும் வீட்டுக்குப் போய், செப்டம்பர் முதல் தாங்கள் எர்மெத்தே சார் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவோம் என்று அழுதிருக்கிறார்கள். காலையிலிருந்து அம்மாக்கள் போன் செய்கிறார்கள். முடியாது என்று சொல்ல நான் ஓடி வருவதற்குள் துல்லியா போனை எடுத்து, "அதுக்கென்ன, அனுப்புங்க" என்று சொல்லிவிட்டாள், மூன்று தடவையும். "பஸ்ல போகணும்னு சொன்னியேம்மா?" என்று ஒத்தாவியாவிடம் கேட்டேன். "அவங்க எல்லாம் இங்க வர்றப்ப நான் எதுக்குப்பா அங்க போகணும்?" என்கிறாள். ஆகவே மேலே முடிவு என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். திருப்பி எழுத நேரமில்லை, வெங்காயத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். அக்கா, ஐந்து பிள்ளைகள், ஒரு லெயார்கோ, நான் ஒருத்தன். நீ ஆகஸ்டில் வர வேண்டாம், இந்த வாரமே வா. வரும்போது நாற்காலி கொண்டு வா.